கண்ணாடிக் கடலும் முதற் சீலமும்

பௌத்த உபாசகர் ஒவ்வொருவரும் திரிசரணம் புகுந்தபின் ஏற்கும் ஐந்து சீலங்களுள் முதலாவது, உயிர்க்கொலையினின்று விலகி நிற்றல் ஆகும். அதனை வாயால் சொல்வதற்கு ஒரு நொடி போதும். வாழ்வில் கடைப்பிடிக்கப் புகுந்தாலோ நாள்தோறும் புதுப்புது ஐயங்கள் எழுகின்றன. கொசுவை என் செய்வது, கரையானை என் செய்வது, கதிரை அரிக்கும் புழுவை என் செய்வது என்னும் வினாக்கள் நம்மவரிடையே பன்முறை எழுந்துள்ளன. இப்போது அவற்றோடு மற்றொரு வினாவும் சேர்ந்துள்ளது. வீட்டில் கண்ணாடித் தொட்டி அமைத்து, அதில் உப்புநீர் நிரப்பி, கடற்பாறையும் பவள இனங்களும் வண்ண மீன்களும் வளர்க்கும் வழக்கம் பெருநகரங்களில் பரவி வருகிறது. அத்தொட்டிகளில் அழையா விருந்தாய் ஹைட்ராய்டு என்னும் சிற்றுயிர் வந்து படர்ந்து, வளர்க்கும் உயிர்களைக் கொட்டி நலியச் செய்கிறது. அதனை அழிப்பது முதற் சீலத்திற்கு மாறாகுமா, ஆகாதா என்பதே அவ்வினா.

இதனைக் கேட்டு நகைப்போரும் இருக்கலாம். உண்ணும் சோற்றுக்கும் உடுக்கும் துணிக்கும் போராடுவோர் நிறைந்த நாட்டில், செல்வர் வீட்டுத் தொட்டியில் படர்ந்த பூஞ்சை போன்ற ஒன்றைப் பற்றி அறநூல் ஆராய்வதா என்று அவர்கள் கேட்கலாம். ஆனால் வினாவின் சிறுமையே அதன் பயன் என்பது நம் கருத்து. கொசுவைக் கொல்பவன் நோய்க்கு அஞ்சிக் கொல்கிறான். உழவன் பசிக்கு அஞ்சிக் கொல்கிறான். அங்கெல்லாம் அச்சமும் தேவையும் முன்னே நின்று மனத்தின் உண்மை நிலையை மறைத்துவிடுகின்றன. பசியும் நோயும் பிழைப்பும் குறுக்கிடாத இடத்தில்தான், ஓர் உயிரைப் போக்குவதை நம் மனம் எவ்வளவு எளிதாக எண்ணுகிறது என்பது மறைப்பின்றித் தெரியும். ஆகவே இதனை ஆராய்வோம்.

ஹைட்ராய்டு என்பது யாது?

அறியாத ஒன்றைப் பற்றி அறம் பேசுதல் தகாது. நற்காட்சியை எண்வகை வழியின் முதற்படியாகப் பகவன் வைத்ததும் இதற்காகவே. ஹைட்ராய்டு செடியன்று, பாசியன்று, அது விலங்கினம். பவளம், கடற்சாமந்தி, ஜெல்லி மீன் ஆகியவை அடங்கிய குழியுடலிகள் என்னும் பெரும்பிரிவைச் சேர்ந்தது. நம் குளங்களிலும் குட்டைகளிலும் வாழும் ஹைட்ரா இதன் நெருங்கிய உறவு. அவ்விரண்டும் அடங்கிய ஹைட்ரோசோவா வகுப்பில் 3,000-க்கும் மேற்பட்ட இனங்களை அறிவியலார் கண்டுள்ளனர். அவற்றுள் பல கூட்டமாக வாழ்பவை. மெல்லிய வேர் போன்ற இழைகள் பாறையின்மீது ஓட, அவ்விழைகளிலிருந்து சிறு பூப்போன்ற உறுப்புயிர்கள் எழுந்து நிற்கும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் உணர்கொம்புகளும், அவற்றில் கொட்டும் செல்களும் உண்டு. நீரில் மிதந்து வரும் கண்ணுக்கெட்டாச் சிற்றுயிர்களை அவை நஞ்சேற்றிப் பிடித்து உண்ணும்.

இவ்வுயிர்க்கு மூளை இல்லை. உடல் முழுதும் பரவிய நரம்பு வலை மட்டுமே உண்டு. எனினும் தொட்டால் சுருங்குகிறது, இரையை அறிகிறது, தீங்கினின்று ஒதுங்க முயல்கிறது. ஆபிரகாம் டிரெம்பிளி என்னும் சுவிட்சர்லாந்து நாட்டறிஞர் நன்னீர் ஹைட்ராவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டும் முழு உயிராக வளர்வதைக் கண்டு 1744-இல் நூலாக வெளியிட்டார். வெட்ட வெட்டத் தலை முளைக்கும் கிரேக்கப் புராணப் பூதத்தின் பெயரே இதற்கு இடப்பட்டது. தொட்டியில் வரும் ஹைட்ராய்டுகளும் இத்தகையனவே. நீருக்குள்ளேயே தூரிகையால் தேய்த்து அகற்ற முயன்றால், பிய்ந்த துணுக்குகள் நீரோட்டத்தில் சென்று வேறிடங்களில் ஒட்டி வளரும். அழிக்க முயல்பவனே அதனைப் பரப்புபவனாகிறான்.

தொட்டியில் காணப்படும் எல்லா ஹைட்ராய்டும் தீங்கு செய்வன அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டி ஊரும் விண்மீன் வடிவச் சிறு ஜெல்லி உயிர்கள் பெரும்பாலும் எவ்வுயிர்க்கும் இடர் செய்வதில்லை. புதிய தொட்டிகளில் தோன்றும் சில வகைகள் சில திங்களில் தாமே குறைந்து மறைவதும் உண்டு. மிரியோனீமா என்னும் வகையோ அவ்வாறன்று. பவளத்தைப் போலவே தன் உடலுள் ஒளியால் உணவாக்கும் நுண்பாசிகளைக் குடிவைத்துக்கொண்டு, பவளத்திற்காக நாம் ஏற்றிய விளக்கொளியிலேயே தானும் செழித்துப் பரவும். அண்டையிலுள்ள பவளங்களைக் கொட்டிப் பின்னடையச் செய்யும். கடற்குதிரைக் குஞ்சுகளை வளர்ப்போர்க்கு வேறு சில வகைகள் பெருந்தொல்லை. குஞ்சுகளுக்கு இடும் ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறாலை அவை உண்பதோடு குஞ்சுகளையும் கொட்டும். ஆகவே எது எது என்று அறியாமல் கண்டவுடன் கொல்லப் புகுதல், அறியாமையோடு கொலையையும் சேர்ப்பதாகும்.

சீலம் என் சொல்கிறது?

கொலைக்குற்றம் முழுமை பெற ஐந்து உறுப்புகள் வேண்டும் என்று பழைய உரையாசிரியர் வகுத்தனர். உயிருள்ளதாயிருத்தல், உயிருள்ளது என்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அம்முயற்சியால் உயிர் நீங்கல் என்பன அவை. எண்ணமே கருமம் என்பது பகவனின் அடிப்படைப் போதனை. தம்மபத உரையின் முதற்கதை இதனை விளக்குகிறது. கண்ணிழந்த சக்குபாலர் என்னும் தேரர், மழை பெய்து ஓய்ந்தபின் நடை பயின்றார். அவர் அடியில் பூச்சிகள் பல மிதிபட்டு மடிந்தன. பிற பிக்குகள் முறையிட்டபோது, அவர் பூச்சிகளைக் காணவுமில்லை, கொல்ல எண்ணவுமில்லை. ஆகலின் அவரிடம் குற்றமில்லை என்று பகவன் தெளிவித்தார்.

இவ்வளவைக்கொண்டு நோக்கினால் தொட்டி வளர்ப்பவரின் நிலை தெளிவாகிறது. ஹைட்ராய்டு உயிருள்ளது. அதனை அவர் அறிவார். அறிந்ததனால்தான் அது பரவும் என்று அஞ்சுகிறார். கொல்ல எண்ணுகிறார்; முயல்கிறார்; அது மடிகிறது. ஐந்து உறுப்புகளும் நிறைந்துவிட்டன. ‘நான் தொட்டியைத் தூய்மை செய்தேன்’ என்றோ, ‘களை எடுத்தேன்’ என்றோ பெயர் மாற்றிச் சொல்வதனால் செயல் மாறிவிடாது.

சிற்றுயிராயிற்றே, இதற்குமா குற்றம் என்று கேட்கலாம். உயிரின் அளவு, முயற்சியின் கடுமை, மன மாசின் வேகம் ஆகியவற்றிற்கேற்பக் குற்றத்தின் அளவு கூடும், குறையும் என்றும் அதே உரையாசிரியர் கூறினர். யானையைக் கொல்வதும் எறும்பைக் கொல்வதும் ஒன்றென எவரும் கூறவில்லை. ஆனால் சிறிது என்பது வேறு, இல்லை என்பது வேறு. பிக்குகளின் எண்பொருள்களுள் நீர் வடிகட்டி ஒன்றாக இருப்பதையும், உயிர்கள் உள்ள நீர் என்று அறிந்தும் அதனைப் பயன்படுத்தலாகாது என வினயம் விதிப்பதையும் நாம் அறிவோம். அரசர் அசோகர் தம் ஐந்தாம் தூண் கட்டளையில், கொல்லத்தகாத உயிர்களின் வரிசையில் ஆமையையும் எலும்பில்லா மீனையும் சேர்த்தார். உயிர்கள் குடியிருக்கும் உமியை எரிக்கலாகாது என்றும் ஆணையிட்டார். உமிக்குள் இருக்கும் புழுவை ஒரு பேரரசர் நினைந்தார் என்றால், சிறுமையைக் காரணம் காட்டி நாம் கண் மூடிக்கொள்ளல் பொருந்தாது.

பெயரிடும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். ‘பீடை’ என்பது ஹைட்ராய்டின் இயல்பைக் குறிக்கும் சொல்லன்று. நம் விருப்பத்திற்கும் அதற்கும் உள்ள உறவைக் குறிக்கும் சொல். கடலில் அது எவர்க்கும் பீடையன்று. அதன் உறவினமாகிய நெருப்புப் பவளமும் அதே ஹைட்ரோசோவா வகுப்பைச் சேர்ந்ததே. அந்நெருப்புப் பவளத்தையும், பாறை கட்டும் பவளங்கள் அனைத்தையும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்த்து இந்திய அரசு காத்து வருகிறது. ஓர் உறவைக் கொன்றால் சட்டம் தண்டிக்கும்; மற்றோர் உறவைக் கொல்லக் கடையில் மருந்து விற்கும். இவ்வேறுபாட்டுக்கு மனிதர் காணும் காரணங்கள் உண்டு. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் இழிபெயர் இட்டபின் இரக்கம் காட்டத் தேவையில்லை என்னும் மனப்போக்கு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதை, பெயரால் ஒதுக்கப்பட்ட மக்களின் வழிவந்த நாம் பிறரினும் நன்கு அறிவோம். மனிதரைச் சிற்றுயிரோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. பெயரை நம்பி மனம் உறங்கிவிடலாகாது என்பதே நம் கருத்து.

இரு முனைகளும் நடுவழியும்

இவ்விடத்து இருவகையார் எதிரெதிரே நிற்கின்றனர். ஒருவகையார், எவ்வுயிரையும் எந்நிலையிலும் தீண்டலாகாது. பவளம் மடிந்தாலும் மடியட்டும், நாம் கை வைக்கலாகாது என்பர். மற்றொருவகையார், மனிதனுக்கு வேண்டியதைச் செய்துகொள்ள அவனுக்கு உரிமை உண்டு. ஹைட்ராய்டு எம்மட்டு என்பர். பகவன் இவ்விரண்டையும் ஏற்றாரல்லர்.

பாபாசாகேப் அம்பேத்கர், 1957-இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் இப்பொருளை ஆராய்ந்துள்ளார். கொல்லாமையைப் பகவன் கண்மூடிப் பின்பற்றும் விதியாக அன்றி, வாழ்க்கையின் நெறியாக வைத்தார் என்பது அவர் முடிவு. கொல்ல வேண்டும் என்னும் விருப்பம் வேறு, கொல்ல நேரும் தேவை வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். விதியாக வைத்தால் மனிதன் அதில் இடுக்குத் தேடுவான். நெறியாக வைத்தால் ஒவ்வொரு முறையும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவனாவான். விதியினும் நெறியே கடுமையானது என்பதை நம்மவருள் பலர் மறந்துவிடுகின்றனர். ‘தேவை’ என்னும் சொல்லை ஓர் அனுமதிச் சீட்டாக எண்ணிக் கையில் வைத்துக்கொள்வது, அவர் கூறியதைப் பாதி மட்டும் படிப்பதாகும்.

அவ்வளவுகோலைத் தொட்டியின்மேல் வைத்துப் பார்ப்போம். மலேரியாக் கொசுவைத் தடுப்பவனின் தேவை அவன் உண்டாக்கியதன்று. உழவனின் தேவையும் அவன் உண்டாக்கியதன்று. தொட்டி வைத்திருப்பவனின் தேவையோ முழுதும் அவனே உண்டாக்கியது. கடலில் இருந்த பாறையை வீட்டுக்குக் கொணர்ந்தான். அதில் ஒட்டி ஹைட்ராய்டும் வந்தது. அதன் பகை உயிர்களும் நீரோட்டமும் விரிந்த இடமும் இல்லாத சிறு பெட்டிக்குள் அதனை வைத்தான். பவளத்திற்கு என்று இட்ட இரையாலும் ஒளியாலும் அதனை வளர்த்தான். பின்பு பெருகியதற்காக அதனைக் கடிந்துகொள்கிறான். இங்கே தேவை என்பது பெரும்பகுதியும் விருப்பத்தின் மறுவடிவமே.

ஆனால் ஆராய்ச்சி இதனோடு முடிந்துவிடவில்லை. ஓர் உயிரைக் கூட்டில் அடைத்தவன் அதற்குக் காவலனும் ஆகிறான். கடலில் பவளத்தை ஹைட்ராய்டு கொட்டினால் அது இயற்கையின் போக்கு. அதற்கு நாம் பொறுப்பல்லோம். தொட்டியில் உள்ள பவளமோ நகர முடியாது. நம்மையன்றி அதற்கு வேறு புகல் இல்லை. அதனை அவ்விடத்தில் நிறுத்தியவர் நாம். ‘என் கை தூயது’ என்று சொல்லி அது கொட்டுண்டு கரைவதைப் பார்த்திருத்தல் அருளன்று. அது தன் தூய்மையின்மேல் கொண்ட பற்று. மைத்திரி என்பது ஒன்றும் செய்யாதிருத்தல் அன்று. ஆகவே ஒருபுறம் கொலை, மறுபுறம் காவற் கடமையைக் கைவிடுதல் என்னும் இரண்டுக்கும் இடையே வழி தேட வேண்டியவராகிறோம். உண்மையான அறச்சிக்கல் இதுவே.

எவர் கையால்?

இச்சிக்கலிலிருந்து தப்பப் பலர் ஓர் எளிய வழி காண்பர். தாம் கொல்லாது பிறரைக்கொண்டு கொல்வித்தல் அது. கடைக்காரரை அழைத்து, ‘நீரே எதையாவது செய்து போக்கிவிடும், எமக்குச் சொல்ல வேண்டா’ என்பர். அல்லது ஹைட்ராய்டைத் தின்னும் உயிரை விலைக்கு வாங்கி விடுவர். நூடிபிராங்கு என்னும் ஓடில்லாக் கடல்நத்தைகளுள் சில, ஹைட்ராய்டையே உணவாகக் கொண்டவை. உண்ட ஹைட்ராய்டின் கொட்டும் செல்களையே தம் உடலில் சேமித்துத் தமக்குக் காவலாக்கிக்கொள்வனவும் அவற்றுள் உண்டு. ஆனால் அவற்றுள் பல ஒருவகை இரையன்றி வேறொன்றும் உண்ணா. ஹைட்ராய்டு தீர்ந்தபின் அவையும் பட்டினியால் மடியும். ஒரு கொலையை மறைக்க இரண்டு கொலை செய்ததாகவே அது முடிகிறது.

தன் கையால் செய்வதும், ஏவிச் செய்விப்பதும் குற்றமே என்பதில் பௌத்த நூல்களுக்கு ஐயமில்லை. நம் சமூகத்துக்கு இதனைச் சொல்லவும் வேண்டுமோ? செத்த மாட்டை அகற்று, தெருநாயைப் பிடி, சாக்கடையில் இறங்கு என்று ஏவியவர்கள் தூயவர்கள் என்றும், ஏவப்பட்டுச் செய்தவர்கள் தீட்டுடையவர்கள் என்றும் இந்நாட்டில் பல நூற்றாண்டுகள் வழங்கிற்று. தோலால் ஆன பயனைத் துய்த்தவன் தூயவன், தோலை உரித்தவன் இழிந்தவன் என்னும் அக்கணக்கில் நம் முன்னோர் நசுக்குண்டனர். அக்கணக்கைத் தள்ளிவிட்டுத் தம்மத்தைச் சரணடைந்த நாம், ஒரு மீன்தொட்டியின் பொருட்டாவது அதே கணக்கை மீண்டும் எழுதலாமா? செய்ய வேண்டியது ஒன்று உண்டெனின் அதன் பொறுப்பை நாமே ஏற்போம். செய்யத் தகாதது எனின் எவர் கையாலும் செய்விக்க வேண்டா. தூய்மை என்பது பார்வையிலிருந்து ஒளித்து வைப்பதால் வருவதன்று.

செய்யத்தக்கன யாவை?

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. தீங்கு மிகக் குறைந்த வழி முதலில், மிகுந்த வழி கடைசியில் என்பது அவ்வரிசையின் அடிப்படை.

முதலாவது, வரவிடாமை. புதிதாக வாங்கும் பாறையையோ பவள இனத்தையோ நேரே தொட்டியில் இடாமல், தனிக்கலத்தில் சில வாரம் வைத்து நோக்கினால் ஹைட்ராய்டு உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கொல்லாமையின் மிகச் சிறந்த பகுதி, கொல்ல நேரும் நிலையை உண்டாக்காமையே. மேலும், வாங்கும் பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் இதனைச் சேர்ந்ததே. சட்டம் காக்கும் பவளத்தைக் களவாக வெட்டி விற்பார் உளர். அதனை வாங்குவோன், கொல்லாமையைப் பற்றிக் கவலைப்படுமுன், கொடாததை எடாமை என்னும் இரண்டாம் சீலத்தைப் பற்றிக் கவலைப்படல் வேண்டும். மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்டது. அங்குள்ள 21 தீவுகளுள் 2 நீரில் மூழ்கிப்போயின. உயிர்களை விற்றலும் நஞ்சு விற்றலும் உபாசகர் விலக்க வேண்டிய ஐந்து வாணிகங்களுள் அடங்கும் என்று பகவன் கூறியதை, வாங்குவோரும் ஒருகால் எண்ணிப் பார்ப்பது நன்று.

இரண்டாவது, ஊட்டாமை. மிகுதியாகத் தூவும் நுண்ணிய இரையே பல ஹைட்ராய்டுகளைப் பெருக்குகிறது. மீனும் பவளமும் உண்ணும் அளவறிந்து இட்டால் அப்பெருக்கம் தணியும். ஒளியால் வாழும் மிரியோனீமாவிடம் இது அவ்வளவாகச் செல்லாது எனினும், அளவறிதல் எத்தொட்டிக்கும் நன்மையே.

மூன்றாவது, பிரித்து வைத்தல். ஹைட்ராய்டு ஒரு கல்லிலோ இரு கல்லிலோ மட்டும் இருக்குமாயின், அக்கல்லை எடுத்துப் பவளம் இல்லாத வேறொரு சிறு தொட்டியில் வைக்கலாம். அங்கே அது எவரையும் கொட்டாது. எவரும் அதனைக் கொல்ல வேண்டுவதில்லை. செலவும் சிறிது உழைப்பும் வேண்டும். அச்செலவை ஏற்க மனம் வருகிறதா என்பதே நம் கருணையின் உரைகல். பவளத்திற்காகப் பல்லாயிரம் ரூபாய் செலவிடுபவர், ஹைட்ராய்டுக்காக ஒரு வாளியும் ஒரு சிறு காற்றுக் குழாயும் வாங்கத் தயங்கினால், அவர் உயிரை நேசிக்கவில்லை, அழகை நேசிக்கிறார் என்பதே பொருள்.

நான்காவது, இவ்வழிகள் யாவும் பயன்படாது, பல பவளங்கள் நலியும் நிலை உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும், சிறிய அளவில் அகற்றுதல். கல்லை நீரிலிருந்து வெளியே எடுத்து, படர்ந்த பகுதியை மட்டும் சுரண்டி நீக்கலாம். எம்-சீல் போலப் பிசைந்து ஒட்டும் எபாக்சியால், அல்லது சூப்பர் குளூ வகைப் பசையால், அவ்விடத்தை மூடலாம். நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்து ஊசிக்குழலால் இடுவாரும் உளர். அளவு மிஞ்சினால் தொட்டி நீரின் காரத்தன்மை ஏறி ஏனைய உயிர்களுக்கு இடராகும். இது கொலையே. கொலையன்று என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டா. தேவைக்கு மேல் ஓர் அங்குலமும் செல்லாமல், சினமும் வெறுப்பும் இன்றி, செய்வது இன்னதென்று அறிந்து செய்தல் வேண்டும்.

ஐந்தாவது, செய்யவே கூடாதன. கால்நடைகளுக்குக் குடற்புழு நீக்கத் தரும் பென்பெண்டசோல் என்னும் மருந்தைத் தொட்டி முழுதும் கலந்தால் ஹைட்ராய்டு மடியும் என்பது உண்மை. அதனோடு, பாறையில் வாழும் குற்றமற்ற புழுக்களும், நத்தைகளும், சில மென்பவளங்களும் மடியும். ஒன்றின்பொருட்டு நூற்றை அழித்தல் எந்நெறியிலும் நெறியன்று. பாறையைக் கொதிநீரில் இடுதலோ அறத்துக்கும் பகை, உடலுக்கும் பகை. பாலிதோவா என்னும் உயிரினம் ஒட்டிய பாறையைக் கொதிக்கவைத்து, அதன் கொடிய நஞ்சு ஆவியோடு கலந்து வீட்டார் நோயுற்ற நிகழ்ச்சிகள் உண்டு. இனி, ‘கொல்ல மனமில்லை, கடலிலேயே விட்டுவிடுவோம்’ என்று புண்ணியம் கருதுவோரும் உளர். அதுவும் தகாது. வேற்றுக் கடல் உயிர் நம் கடலில் பரவினால் விளையும் தீங்குக்கு அளவில்லை. கௌலெர்பா என்னும் பாசி, 1984-இல் மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்தை அடுத்த கடலில் காணப்பட்டு, பின்னர் மத்தியதரைக் கடலில் பெரும்பரப்பில் படர்ந்தது. வணிகத்திற்காக நம் கடலில் வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் என்னும் அயற்பாசி, மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பவளங்களின்மேல் படர்ந்து மூடுவதை ஆய்வாளர் 2008-இல் அறிவித்தனர். அறிவில்லா அருள் அருளாகாது. கருணையும் பிரஞ்ஞையும் ஒரு பறவையின் இரு சிறகுகள்.

வேட்கையின் இழை

இவற்றுக்கெல்லாம் அப்பால் ஒரு வினா எஞ்சுகிறது. இத்தொட்டி வேண்டுமா என்பதே அது. வேண்டா என்று நாம் எல்லோர்க்கும் விதிக்கவில்லை. கடலைக் காணாத உள்நாட்டுச் சிறுவர்க்குக் கடலின் உயிர்களைக் காட்டி, அவற்றின்மேல் அன்பு பிறக்கச் செய்யும் தொட்டியும் உண்டு. நாள்தோறும் பொறுமையோடு பேணுவோர்க்கு அது ஒருவகை மனப்பயிற்சியும் ஆகும். ஆனால் இன்னும் ஒரு பவளம், இன்னும் ஓர் அரிய வண்ணம், அண்டை வீட்டார் தொட்டியினும் பெரிய தொட்டி என்று வளரும் ஆசையைக் கவனிக்க வேண்டும். அதுவும் ஹைட்ராய்டு போன்றதே. வெளியே தெரிவது சிறு பூ. அடியில் ஓடும் இழை கண்ணுக்குத் தெரியாது. பூவைக் கிள்ளினால் இழை வேறிடத்தில் முளைக்கும். தொட்டியில் உள்ள ஹைட்ராய்டை அழிக்க ஆயிரம் வழி தேடுபவன், அதனைத் தன் வீட்டிற்குக் கொணர்ந்த வேட்கையின் இழையை ஒருமுறையேனும் தேடிப் பார்ப்பது நலம். தொட்டியால் விளையும் கொலை குறையாது பெருகுமாயின், உள்ள உயிர்களைத் தக்கவரிடம் ஒப்படைத்துவிட்டு, அப்பொழுதுபோக்கை விடுதலே நேரிய வழி.

நம்மவர் சீலம் ஏற்றது, பிறரினும் தூயவர் என்று காட்டிக்கொள்வதற்கு அன்று. தூய்மையின் பெயரால் பிறரைத் தள்ளும் கூட்டத்திற்கு மாற்றாக, துன்பத்தைக் கண்டறிந்து குறைக்கும் கூட்டமாக வாழ்வதற்கே ஏற்றோம். ஆகவே, ஹைட்ராய்டைக் கொல்லலாமா என்று கேட்பவர்க்கு நாம் கூறும் விடை இது: கொல்வது சீலத்திற்கு மாறே, அதனைச் சிறிது என்று சொல்லி மறைக்க வேண்டா. கொல்லாதிருக்கும் வழிகள் பல உண்டு. சோம்பலாலும் செலவுக்கு அஞ்சியும் அவற்றை விட்டுவிட வேண்டா. அவ்வழிகள் யாவும் அடைபட்டபோது காவற் கடமையால் கை வைக்க நேர்ந்தால், பிறர் கையில் ஒப்படைக்காமல், மிகக் குறைந்த அளவில், அறிந்து செய்து, அந்நிலை மீண்டும் நேராதபடி தொட்டியையும் மனத்தையும் திருத்திக்கொள்க. இவ்வளவும் ஒரு சிற்றுயிரிடம் பழகினால், பெரிய இடங்களில், மனிதர்க்கு மனிதர் தீங்கு செய்ய நேரும் இடங்களில், கை தானே தயங்கும். அத்தயக்கமே சீலத்தின் தொடக்கம்.